மீன்தொட்டிக்குக் கீழே ஒரு தொட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் சில கல் தொலைவுக்குள் கடலோ கடனீரேரியோ வந்துவிடும். இவ்வாறு உப்புநீரால் சூழப்பட்டு வாழும் மக்களுக்குக் கடல்நீரைப் பற்றிப் புதிதாகச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். ஆயினும் கடலருகே வாழ்வது வேறு. ஒரு வாளி கடல்நீரை வீட்டுக்குக் கொணர்ந்து, அதிலே ஒரு சிறு மீனையேனும் ஓராண்டு காலம் உயிரோடு வைத்திருப்பது வேறு. பருத்தித்துறைக் கரையிலே அள்ளிய தெளிந்த நீர், மீன் ஒன்றை இட்டு வைத்த சில நாட்களிலேயே கலங்கி நாற்றமெடுத்துவிடும். மீனும் மாண்டுபோகும். அதே நீர், அதே மீன். மாறியது அளவு ஒன்றுதான்.

கடலில் ஒரு மீன் கழிக்கும் கழிவு அளவிறந்த நீரில் கரைந்து, அலையாலும் காற்றாலும் எண்ணற்ற நுண்ணுயிர்களாலும் தூய்மையடைகின்றது. வாளியில் அவ்வாறு நடப்பதில்லை. கழிவிலிருந்து தோன்றும் அமோனியா அங்கேயே தங்கி, அதை வெளியிட்ட உயிரையே கொல்கின்றது. ஆகவே வீட்டிலே கடலுயிர் வளர்க்க முயன்றவர்கள் அனைவரும் ஒரே வினாவுக்குத்தான் விடை தேடினார்கள். சிறிய நீர்ப்பரப்புக்குப் பெரிய கடலின் பொறுமையை எவ்வாறு கொடுப்பது? அந்த விடை படிப்படியாக உருவான வரலாறே, இன்று ‘சம்ப்’ என்று வழங்கப்படும் அடித்தொட்டியின் வரலாறு.

1846ஆம் ஆண்டிலே அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, டோர்க்கி என்ற கடற்கரை ஊரிலே உயிருள்ள பவளங்கள் சிலவற்றைக் கண்டு ஆசைகொண்டு, அவற்றை இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். நகரின் நடுவே நாள்தோறும் புதிய கடல்நீர் கிடைக்க வழியில்லை. எனவே இருந்த நீரையே திறந்த சாளரத்தின் அருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். காற்று நீரில் கலக்கவேண்டும் என்பதே நோக்கம். வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் அரைமணி நேரத்துக்கு மேல் இவ்வேலையைச் செய்தாள். பின்னர் கடற்பாசிகளையும் சேர்த்தார். அப்பவளங்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உயிர் வாழ்ந்தன. ஒரே நீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பி மீண்டும் கொணர்வது என்ற எண்ணம் அந்தப் பணிப்பெண்ணின் கைகளில்தான் முதலில் செயற்பட்டது எனலாம்.

இதற்கு முந்திய ஆண்டாகிய 1845இல் பிரித்தானியாவிலே கண்ணாடி மீதிருந்த வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. 1850இல் றொபேட் வாறிங்டன் என்னும் இரசாயன அறிஞர், நீர்த்தாவரமும் மீனும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழக்கூடும் என்று எடுத்துக்காட்டினார். 1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையிலே மக்கள் பார்வைக்கென மீன்மனை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் வெளிவந்ததும், வசதி படைத்த வீடுகளிலெல்லாம் கடல்நீர்த் தொட்டி வைப்பது ஒரு மோகமாகப் பரவியது. எனினும் அத்தொட்டிகளிற் பல சில கிழமைகளிலேயே நாறிப்போயின. மோகமும் சில ஆண்டுகளில் தணிந்தது. ஆசையில் அவர்களுக்குக் குறைவில்லை. பார்வைக்கு வைத்த நீரைத் தவிர வேறு நீர் அவர்களிடம் இருக்கவில்லை.

இக்குறையைத் தெளிவாகக் கண்டவர் வில்லியம் அல்போட் லொயிட் என்பவர். அவர் செல்வரல்லர், புத்தகம் கட்டும் தொழில் செய்தவர். தம் முயற்சியாலே கடலுயிர் வளர்ப்பில் தேர்ச்சி பெற்று, 1864இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்து மீன்காட்சிச் சாலையையும், 1871இல் இலண்டனின் தென்புறத்தே இருந்த பளிங்கு மாளிகையின் மீன்காட்சிச் சாலையையும் அமைத்தார். அங்கே காட்சித் தொட்டிகளில் இருந்த நீரைப் போலப் பல மடங்கு நீர், தரைக்குக் கீழே இருண்ட பெருந்தொட்டியிலே தேக்கி வைக்கப்பட்டிருந்தது. பம்பி அந்த நீரை இடைவிடாது மேலே அனுப்பும். காட்சித் தொட்டிகளின் வழியே ஓடிய நீர் மீண்டும் கீழே இறங்கும். இருட்டிலே பாசி வளராது. நிலத்துக்கடியில் வெப்பமும் மிகையாகாது. மேலே ஒரு மீன் இறந்து நீர் கெட்டாலும், அந்தக் கேடு பெரும் நீர்த்திரளிலே கரைந்து வலுவிழந்துவிடும். நேப்பிள்ஸ் நகரிலே அன்ரன் டோர்ன் நிறுவி, 1874இல் மக்களுக்குத் திறந்த புகழ்பெற்ற கடலாய்வு நிலையத்தின் தொட்டிகளுக்கும் லொயிட்டின் ஆலோசனை உதவியது. வீட்டு மீன்தொட்டிக்குக் கீழே இன்று வைக்கப்படும் அடித்தொட்டி, லொயிட்டின் நிலவறைத் தொட்டியின் சிறிய வழித்தோன்றலே.

இலங்கைக் கடல்களிலும் இதே காலத்தில் இத்தகைய தேவை எழுந்தது. மன்னார்ப் பாறுகளிலே முத்துச்சிப்பிகள் ஆண்டுக்கணக்கில் காணாமற் போவதும் மீண்டும் பெருகுவதும் அரசினருக்குப் பெரும் புதிராக இருந்தது. இலங்கையிற் பிறந்த மருத்துவரான எட்வேட் பிரெடரிக் கெலாட் 1857ஆம் ஆண்டு முதல் திருகோணமலையிலே உயிருள்ள சிப்பிகளை வைத்து ஆராய்ந்தார். பாறையைப் பற்றியுள்ள தன் நார்களை விடுத்துச் சிப்பி வேறிடம் நகர்ந்து, மீண்டும் புதிய நார்களால் பற்றிக்கொள்ள வல்லது என்பதை அவர் கண்டார். உயிரோடு வைத்துப் பார்த்தாலன்றி இவ்வுண்மை வெளிப்பட்டிராது. 1902இல் பேராசிரியர் ஹேட்மனும் ஜேம்ஸ் ஹோர்ணெலும் மன்னார் வளைகுடாவை ஆராய வந்தபோது, காலியிலே ஒரு கடலுயிர் ஆய்வுகூடம் அமைந்தது. 1909இல் சென்னை மெரீனாக் கடற்கரையிலே மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. மக்கள் திரண்டு பார்த்த அந்தச் சாலை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது.

காலிக்கும் சென்னைக்கும் ஒரு வசதி இருந்தது. வாசலிலே கடல் கிடந்தது. பழைய நீரைக் கழித்துப் புதிய நீரை ஏற்றலாம். சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ ஒரு வீட்டு அறையில் தொட்டி வைப்பவர் அவ்வாறு செய்ய இயலாது. இருக்கும் நீரையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தவேண்டும். ஆகவே அவர் பின்பற்றத்தக்கது லொயிட்டின் வழியே.

அந்த வழி ஏன் பலித்தது என்பதை விஞ்ஞானம் பிற்காலத்திலேதான் விளக்கியது. கழிவுநீர் மணலூடாக வடியும்போது அமோனியா நைத்திரேற்றாக மாறுவது உயிர்ப்பொருட்களின் செயலே என்று 1877இல் பிரான்சிய அறிஞர்களான ஷ்லோசிங், முன்ஸ் இருவரும் நிறுவினர். 1890இல் வினோகிராட்ஸ்கி அப்பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அவை கல்லிலும் மணலிலும் சிப்பியோட்டிலும் பற்றி வாழ்வன. ஓடும் நீரும் ஒட்சிசனும் அவற்றுக்கு இன்றியமையாதன. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்கள் குடியேறிய பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளங்களை வளர்க்கும் முறையை எழுதி வெளியிட்டார். 1986இல் ஜோர்ஜ் ஸ்மிற் என்பவர் அமெரிக்க வாசகருக்கு எழுதிய கட்டுரைகளின் பின்னரே, மேலிருந்து வழியும் நீரைக் கீழ்த்தொட்டியில் வடித்து மீண்டும் ஏற்றும் அமைப்பு அந்நாட்டு வீடுகளில் பரவலாயிற்று. இதற்கிடையில் சிலிக்கோன் பசையும் வந்து சேர்ந்தது. முன்னாளில் இரும்புச் சட்டத்தில் மக்குப் பூசிக் கண்ணாடியைப் பொருத்தினர். உப்புநீர் இரும்பை அரித்தது. சிலிக்கோன் வந்தபின் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டினாலே தொட்டியாயிற்று. எளியவர்க்கும் அது கைகூடியது.

இவ்வரலாற்றின் சாரத்தைக் குடாநாட்டு மக்கள் தங்கள் நிலத்திலிருந்தே அறிவர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தேங்கும் மழைநீரே கிணற்று நீர். அது அடியிலுள்ள கடல்நீரின் மீது மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்திருந்தால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட கணக்கு. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளிவந்த தமது நூலிலேயே குறித்துள்ளார். கண்ணுக்குத் தெரியும் ஓரடி நீரைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத நாற்பதடி நீர். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறிவிடும். துலா மிதித்தும் தொட்டி கட்டியும் வாய்க்கால் பிரித்தும் வாழ்ந்த சமூகத்துக்கு, அடித்தொட்டியின் தத்துவம் அந்நியமானதன்று.

எனவே குறைந்த செலவிலே அடித்தொட்டி தெரிந்தெடுப்பவர் முதலிற் பார்க்கவேண்டியது விலைச்சீட்டையன்று, கொள்ளளவையே. மேசையின் கீழ் எவ்வளவு பெரிய தொட்டி நுழையுமோ அவ்வளவு பெரியதே நன்று. அழகிய சிறு பெட்டியைக் காட்டிலும் அகன்ற பழைய கண்ணாடித் தொட்டி மேலானது. அதன் ஒட்டுகளைச் சோதித்து, வேண்டிய இடத்தில் புதிதாகச் சிலிக்கோன் பூசிக்கொள்ளலாம். உணவுப்பொருள் அடைத்து வந்த பிளாஸ்ரிக் பரலும் பயன்படும். பூச்சிமருந்தோ எண்ணெயோ இருந்த பரல் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. துத்தநாகம் பூசிய தகர வாளியும் செம்பு, பித்தளை இணைப்புகளும் அறவே விலக்கத்தக்கவை. மிகச் சிறிதளவு செம்பு கரைந்தாலும் நண்டு, இறால், பவளம் ஆகியவை மடியும். சீமெந்துத் தொட்டியானால், புதிய சீமெந்தின் காரம் நீங்கும்வரை பல கிழமைகள் நீர் மாற்றி ஊறவைத்தல் வேண்டும்.

அடித்தொட்டியை மூன்று அறைகளாகத் தடுப்பது வழக்கம். மேலிருந்து இறங்கும் நீர் முதலறையில் விழுந்து அழுக்கைப் படியவிடும். நடுவறையிலே கல் நிரப்பப்பட்டிருக்கும். பற்றீரியாக்களின் இல்லம் அதுவே. இதற்கென விலைகொடுத்து வாங்கும் உருண்டைகள் இல்லாவிட்டாற் குறையொன்றுமில்லை. நன்றாகக் கழுவிய சுண்ணாம்புக்கற் சல்லி அப்பணியைச் செய்யும். மூன்றாம் அறையிலே பம்பி இருக்கும்.

அடித்தொட்டி நம்பத்தக்கதா என்பதை மின்சாரம் நின்றுபோகும் நேரமே சோதிக்கின்றது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். மேல்தொட்டி 36 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் உடையது. அது ஏறக்குறைய 190 லீற்றர் கொள்ளும். கீழே 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள அடித்தொட்டி இருக்கின்றது. பம்பி நின்றவுடன் மேல்தொட்டியின் நீர் வழிவாயின் மட்டம் வரை இறங்கும். அவ்விறக்கம் ஓரங்குலமானால், சுமார் பத்தரை லீற்றர் நீர் கீழே வரும். அடித்தொட்டியில் நீர்மட்டம் இரண்டேகால் அங்குலம் உயரும். ஒன்பதங்குல மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த அடித்தொட்டி இதை எளிதில் தாங்கும்.

ஆனால் பம்பியிலிருந்து மேலேறும் குழாயின் வாய், வேலை நடக்கும் நீர்மட்டத்துக்கு நான்கு அங்குலம் கீழே மூழ்கியிருந்தால் நிலைமை வேறு. பம்பி நின்றதும் அதே குழாய் சைபனாக மாறி, மேல்நீரை நான்கங்குலம் உறிஞ்சிக் கீழே இறக்கும். அது சுமார் நாற்பத்திரண்டரை லீற்றர். அடித்தொட்டியின் மட்டம் ஒன்பதங்குலம் உயரவேண்டும். உள்ள இடமோ ஏழங்குலம். மிகுதி நீர் அறையின் தரையிலே பரவும். இதைத் தடுக்கக் காசு வேண்டாம். குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் அமைத்து, மட்டத்தை ஒட்டிய இடத்திலே சிறு துளையொன்று இட்டால், நீர் இறங்கியதும் துளைவழியே காற்றுப் புகுந்து சைபன் அறுந்துவிடும். துளையிலே பாசி அடையாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ளல் மட்டுமே வேலை.

மறுபுறத்து ஆபத்தும் உண்டு. மேலிருந்து நீர் இறங்கும் வழி அடைபட்டால், பம்பி கீழுள்ள நீரையெல்லாம் மேலே ஏற்றி வழியவிடும். ஆகவே பம்பி நிற்கும் மூன்றாம் அறையை அளவாக அமைத்தல் வேண்டும். அவ்வறையின் நீர் முழுவதும் மேலேறினாலும் மேல்தொட்டி விளிம்பைத் தாண்டாதிருக்கவேண்டும். கண்ணாடிச் சுவரின் மீது தொங்கவிட்டுச் சைபனால் நீர் இறக்கும் பெட்டி, உள்ளே காற்றுச் சேர்ந்தால் நின்றுவிடும். அதனினும் கண்ணாடியிலே துளையிட்டுக் குழாய் பொருத்துவது நம்பத்தக்கது. அடைப்பு நேர்ந்தால் உதவ இரண்டாவது குழாயும் இருத்தல் நன்று. செலவைச் சுருக்குவோர் தொட்டியின் மெருகிலே சுருக்கலாம். இந்தக் குழாயிலும் பம்பியிலும் சுருக்குதல் தகாது. பம்பியின் பெட்டியில் எழுதியுள்ள வேகம் உயரமேற்றாத நிலைக்குரியது என்பதையும் மறத்தலாகாது. நான்கடி மேலே ஏற்றும்போது அவ்வேகம் குறையும்.

எல்லாம் அமைந்தபின், உயிரெதனையும் இடுமுன், வெறும் நீரை நிரப்பிப் பம்பியைப் பத்துமுறை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தொட்டியின் புறத்தே கோடிட்டுக்கொள்ளல் வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

குடாநாட்டுக்கே உரிய வேறு சில செய்திகளும் உள. கடனீரேரி நீர் மாரியில் நீர்த்தும் கோடையில் கடுமுவராகியும் நிலைமாறுவது. தொட்டிக்கு அது உதவாது. வடகரையின் திறந்த கடலிலே, மழை ஓய்ந்து கடல் தெளிந்த நாளில் அள்ளும் நீரே ஏற்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தொட்டி நீர் விரைந்து ஆவியாகும். ஆவியாவது நன்னீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள நீரிலே நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் குறைந்தால், உவர் 37ஐ நெருங்கும். இக்குறைவு அடித்தொட்டியின் மூன்றாம் அறையிலேதான் முதலிற் புலப்படும். அதை நிரப்பக் கடல்நீர் கூடாது, நன்னீரே வேண்டும். கிணற்றுநீரைக் கொட்டலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் தோட்ட நிலங்களை அடுத்த பல கிணறுகளில் உரத்தினால் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்த கிணறுகளும் உண்டு. தொட்டியில் அது நாளுக்கு நாள் சேர்ந்து பாசியைப் பெருக்கும். கூரையிலிருந்து முதல் மழை கழிந்தபின் பிடித்து வைத்த மழைநீரே செலவில்லாத நல்ல நீர்.

மின்சாரத்தைப் பற்றி இம்மண்ணுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களில் குடாநாடு மின்சாரமின்றி ஆண்டுகள் பல கழித்தது. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகள் பல. ஒரே ஊற்றை நம்பியிருத்தல் பேதைமை என்பதை அவ்வாண்டுகள் கற்பித்தன. பம்பி நின்றால் மீன்கள் உடனே மடிவது நீர் நின்றதனாலன்று, ஒட்சிசன் குறைவதனாலே. மின்கலத்தால் ஓடும் சிறிய காற்றுப் பம்பியொன்று மேல்தொட்டிக்குப் பல மணிநேர உயிர்ப்பைத் தரும். அதுவும் இல்லாத வீட்டிலே, அன்னா தைனின் பணிப்பெண் செய்தது போலக் குவளையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினாலும் மீன் பிழைக்கும்.

பல்லுயிர் வாழும் பவளப்பாறைகள் குடாநாட்டின் கரைகளையும் தீவுகளையும் ஒட்டி உள்ளன. உயிருள்ள பவளத்தைப் பெயர்த்தெடுப்பதை இலங்கைச் சட்டம் தடைசெய்கின்றது. சட்டம் தடுக்காத மீனாயினும், கடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபின் தன் நீரைத் தானே தேடிக்கொள்ளும் வல்லமையை அது இழந்துவிடுகின்றது. அதன் உயிர் தொட்டி அமைத்தவரின் கணக்கில் அடங்கியிருக்கின்றது. அடித்தொட்டி ஓடத் தொடங்கிப் பற்றீரியாக்கள் வேரூன்ற நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதுவரை மீன் வாங்காமற் பொறுத்திருப்பவரே தொட்டி வைக்கத் தகுதியுடையவர். பொறுமைக்குப் பின்னரும், இடமிருக்கும் அளவுக்கு அல்லாமல், நீர் தாங்கும் அளவுக்கு ஒன்றிரண்டு மீன்களோடு தொடங்குதல் அறிவுடைமை.

புத்தகம் கட்டிய லொயிட் பெரும்பொருள் படைத்தவரல்லர். கண்ணாடியின் முன்னே நின்று மீனைக் கண்டு மகிழ்ந்த கூட்டம், காலடியில் இருந்த இருண்ட நீரை நினைத்திருக்கவும் மாட்டாது. ஆயினும் அந்த நீரே மேலிருந்த உயிர்களைக் காத்தது. ஒரு வீட்டிலே கையிலுள்ள சிறு தொகையை எதிலே செலவிடுவது என்று தந்தையும் மகனும் ஆலோசிக்கும்போது, முதற்பங்கு மேசையின் கீழ் இருப்பதற்கே போகவேண்டும் என்பது இவ்வரலாறு தரும் தீர்ப்பு.